கோபக்கார யானையூரில் பத்துப் பகல்

மாயவரம் ஜங்ஷனில் கூட்ஸ் ஷெட் குமாஸ்தாவாகப் பதினெட்டு வருஷம் இருந்தவன் நான். ரயில்வே குவார்ட்டர்ஸில் தண்டவாளத்துக்கு இருபது அடி தள்ளி என் கட்டில். பார்சல் வண்டி போகும்போது கூஜாவில் தண்ணீர் தளும்பும். அதையே தாலாட்டாக வைத்துத் தூங்கிப் பழகியவன். அப்படிப்பட்டவனை மலாக்காவில் காஜா பெராங் என்கிற இடத்தில் கொண்டுபோய்ப் போட்டால் என்ன ஆகும்? முதல் நாள் காலை எனக்குக் காது அடைத்துவிட்டதென்று நினைத்துச் சுண்டு விரலை விட்டுக் குடைந்தேன். காதில் ஒரு கோளாறும் இல்லை. ஊரில்தான் சத்தம் இல்லை.

போன காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கை சாரதா கல்யாணமாகி மலாயா போனவள். அவள் புருஷன் சர்வே ஆபீசில் படம் வரைகிற வேலையில் இருந்து, இரண்டு வருஷத்துக்கு முன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். மீனா என்று நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. "இதோ வருகிறேன்" என்று சாரதா கடிதம் எழுதிக்கொண்டே இருந்தாளே தவிர வந்தபாடில்லை. மலாயாவுக்குச் சுதந்திரம் வரச் சில வாரங்களே இருந்தன. அவள் அந்த ஊர்ப் பிரஜையாக மனுப் போட்டுவிட்டால் அப்புறம் நம் ஊருக்கு விருந்தாளியாகத்தான் வர முடியும். அதற்குள் கையோடு கூட்டி வருவதென்று வீட்டில் முடிவானது. அம்மா இருக்கும் பழைய வீட்டில் அடுக்களையை ஒட்டிய அறைக்கு வெள்ளையடித்து வைத்துவிட்டுத்தான் நான் கப்பல் ஏறினேன்.

புதன்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன். வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு முதல் அதிர்ச்சி. தெரு முழுக்கச் சைக்கிள் மணி. கஞ்சி போட்டு இஸ்திரி வைத்த வெள்ளைக் கால்சட்டைக்காரர்கள், சீனர், மலாய்க்காரர், நம்மவர் என்று வித்தியாசமில்லாமல், டவுனை நோக்கி ஆபீசுக்குப் போகிறார்கள். பிறகு டவுன் பஸ் வந்து மிச்சமிருந்தவர்களை அள்ளிக்கொண்டது. அந்த பஸ்ஸில் ஏற என் தங்கையும் தயாராக நின்றாள். இளநீலச் சேலை, இடது கையில் கடிகாரம், தோளில் ஒரு பை.

"எங்கே கிளம்பிட்டே?" என்றேன்.

"வேலைக்குண்ணே. நீங்க பசியாறுங்க, மேசையில மூடி வெச்சிருக்கேன்."

"என்ன வேலை?"

"டெலிபோன் ஆபீஸ்ல. யாராவது கூப்பிட்டா நம்பர் கேட்டு இணைச்சு விடணும். ரெண்டு வருஷமாச்சு."

ஒரு கடிதத்திலாவது எழுதினாளா? "ஆபீஸ் உதவி வருகிறது" என்று மட்டும் எழுதியிருந்தாள். சர்க்கார் ஏதோ பென்ஷன் தருகிறதென்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். எங்கள் வீட்டுப் பெண், அதுவும் புருஷனை இழந்தவள், காதில் குழாயை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க முன்பின் தெரியாத ஆண்களுக்கு மூன்று பாஷையில் பதில் சொல்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் போய்விட்டது.

ஏழரை மணிக்கு மேல் அந்தப் பேட்டையில் ஈ, காக்கை இல்லை. கட்டைக்கால்மேல் நிற்கிற பலகை வீடுகள், செம்பருத்தி வேலி, சாத்திய கதவுகள். வேளை தெரியாத சேவல் ஒன்று கூவிவிட்டு, தன் தப்பு தனக்கே தெரிந்தாற்போல் நிறுத்திக்கொண்டது. ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்தேன். மாயவரத்தில் குடை பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தால் மூன்று பேருக்காவது பதில் சொல்ல வேண்டும். இங்கே யார், எந்த ஊர் என்று கேட்க ஓர் ஆள் இல்லை. ஜன்னலில் ஒரு சீனத்து அம்மாள் தெரிந்தாள். தலையை ஆட்டிவிட்டுத் திரையை இழுத்துக்கொண்டாள். என்னை யாரும் விசாரிக்கவில்லையே என்று எனக்கு அவமானமாகவே இருந்தது.

காஜா பெராங் என்றால் கோபக்கார யானை என்று சாரதா அன்று சாயங்காலம் சொன்னாள். கஜம்தான் காஜாவாம். கோபமாகக் குரைக்க ஒரு நாய்கூட இல்லாத இடத்துக்கு இந்தப் பெயரை வைத்தவன் பெரிய குறும்புக்காரனாக இருக்க வேண்டும்.

அடுத்த அதிர்ச்சி பக்கத்து வீட்டில் இருந்தது. பகலில் மீனாவைப் பார்த்துக்கொள்பவள் அந்த வீட்டம்மாள்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும். மலாய்க்காரி போல் கைலியும் பூப்போட்ட மேல்சட்டையும், கொண்டையில் ஊசி; ஆனால் நெற்றியில் பட்டையாகத் திருநீறு. குழந்தை அவளைப் பீபி என்று கூப்பிடும். மலாக்காச் செட்டி என்று சாரதா சொன்னதும், "அடடே, எந்தக் கோவில் செட்டியார், காரைக்குடிப் பக்கமா?" என்று கும்பிட்டுக்கொண்டே போனேன். அந்த அம்மாள் விழித்தாள். ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. காரைக்குடி தெரியாது. சில நூறு வருஷத்துக்கு முன் வியாபாரத்துக்கு வந்து இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்டவர்களாம். சாமி நம் சாமி, பேச்சு மலாய்.

"பிள்ளையாருக்கு மலாய் தெரியுமா?" என்று சாரதாவைக் கேட்டேன்.

"நமக்கு சமஸ்கிருதம் தெரியுமாண்ணே? ஐயர் சொல்றதைக் கேட்டுக்கிட்டு நிக்கலையா?" என்றாள். இந்த வாய் மாயவரத்திலிருந்து போகும்போது அவளிடம் இல்லை.

பீபி நல்லவள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்காக வாழையிலையில் தேங்காய்ப்பால் சோறு மடித்துக் கொடுத்தனுப்பினாள். நாசி லெமாக் என்று பெயர். என்ன மணம், என்ன பதம் என்று பாதி சாப்பிட்ட பிறகுதான், தொட்டுக்கொள்ள வைத்த மிளகாய்ச் சம்பலுக்குள் மொறுமொறுவென்று கடிபட்டது வேர்க்கடலை மட்டும் இல்லை என்று கண்டேன். நெத்திலிக் கருவாடு. ஏழு தலைமுறைச் சைவம் எண்ணெயில் பொரிந்து உள்ளே போய்விட்டது. வீட்டில் சாட்சிக்கு ஒருவரும் இல்லாததால் மீதியையும் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை பகலில்தான் அது நடந்தது. குழந்தை பீபி வீட்டு வாசலில் சோழி வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. நான் இந்தப் பக்கத்து வேலியிலிருந்து "மீனா" என்று கூப்பிட்டேன்.

"அப்பா?" என்றது.

சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். தலையைத் தூக்கி, முகம் மலர, "அப்பா?" என்றது. தகப்பன் சாகும்போது அதற்கு இரண்டு வயது. முகம்கூட ஞாபகம் இருக்காதென்று சாரதா எழுதியிருந்தாள். ஆண் குரல் கேட்டதும் குழந்தைக்கு அப்பன் நினைவு வந்துவிட்டதே என்று நினைத்தேன். அன்று பகலுக்குள் நாலைந்து தடவை அதே மாதிரி. சனிக்கிழமையும் அப்படியே. அம்மா வந்துவிட்டால் மட்டும் ஒரு தடவைகூட அந்தச் சொல் வராது. நாலு வயதில் துக்கத்தை மறைக்கத் தெரிந்திருக்கிறதே என்று எனக்குக் கண் கலங்கியது. வெறிச்சோடின தெருவில் செத்துப்போன அப்பனைக் கூப்பிட்டுக்கொண்டு ஒரு குழந்தை வளர்வதாவது, இதற்கு நாம் விடுவதாவது என்று எண்ணினேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேட்டைக்கே வேறு முகம். புல் வெட்டுகிறார்கள், சைக்கிள் துடைக்கிறார்கள், சந்தில் கயிறு கட்டி இறகுப்பந்து ஆடுகிறார்கள். சாரதா அந்த வார உடுப்புகளைத் தோய்த்து உலர்த்திக்கொண்டிருந்தாள். அடுக்களையோர அறைக்கு வெள்ளையடித்திருப்பதைச் சொல்லி, ஊருக்குக் கிளம்புகிற பேச்சை நான் எடுத்தேன். அவள் மறுக்கத் தயாராகத்தான் இருந்தாள்.

"அண்ணே, அந்த ரூம்புல நான் உக்காந்துட்டா அப்புறம் எழுந்திரிக்கவே முடியாது. உங்களுக்கே தெரியும். இங்க நான் காலையில பஸ் ஏறுறேன், சாயங்காலம் பஸ் இறங்குறேன். எனக்கு இது போதும். பிரஜா உரிமை மனுகூட எழுதி வெச்சுட்டேன்."

"உனக்குப் போதும். குழந்தைக்கு?" என்றேன். "நீ போனப்புறம் அது அப்பா, அப்பான்னு கூப்பிடுது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை."

நாலைந்து என்பதைப் பத்து என்றேன். அதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

கையில் பிழிந்த சேலையோடு அப்படியே நின்றாள். "என் முன்னாடி ஒரு நாள்கூடச் சொன்னதில்லையே" என்றாள். பிறகு, "பீபிகிட்ட ஒரு வார்த்தை கேக்கட்டுமா?" என்றாள்.

"நம்ம வீட்டுத் துக்கத்தை அடுத்த வீட்டுலயா விசாரிப்பே? உன் மனசு நோகக்கூடாதுன்னு அந்தம்மா மறைச்சிருப்பா" என்றேன். அவள் பீபியிடம் கேட்கவில்லை. நான் சொன்னதை நம்பினாள். ஊர் முழுக்க யார் யாரோ பேசுவதை இணைத்து விடுகிறேன், என் குழந்தை பேசுவது என் காதில் விழவில்லை என்று மட்டும் சொல்லி அழுதாள்.

திங்கட்கிழமை அவள் மேற்பார்வை அம்மாளிடம் பேசிவிட்டு வந்தாள். சனிக்கிழமை கடிதம் கொடுத்தால் ஒரு வாரத்தில் விடுவித்துவிடுவார்களாம். அடுத்த கப்பலுக்கு மூவருக்கும் இடம் இருந்தது. பெரிய பெட்டியை முன்கூட்டியே அனுப்ப வேண்டும். அதற்கும் சனிக்கிழமைதான் ஆள் வருவான். நான் ஜெயித்த சந்தோஷத்தில் அன்றைக்கு இரண்டு தரம் காபி குடித்தேன்.

செவ்வாய்க்கிழமை பீபி வீட்டில் பராச்சு. நம் படையல்தான், பழங்கள் பழுக்கிற பருவத்தில் முன்னோருக்கு வைப்பது. தலைவாழை இலை போட்டு டுரியான், மங்குஸ்தான், ரம்புத்தான் என்று அடுக்கியிருந்தார்கள். அந்த டுரியான் வாடையில் உயிரோடிருப்பவன் எழுந்து ஓட வேண்டும். இவர்களுடைய முன்னோர்கள் அதற்காக இறங்கி வருகிறார்களாம். பீபியின் புருஷன் அன்று ஆபீசுக்கு லீவு. ஐம்பது வயது, அடர்ந்த மீசை, வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் இலை நறுக்கிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து பீபி ஏதோ குரல் கொடுத்தாள்.

"அப்பா?" என்றார் மனிதர்.

நான் திரும்பிப் பார்த்தேன். கட்டின பெண்டாட்டியை அப்பா என்கிறாரே, என்ன கண்றாவி வழக்கமோ என்று நினைத்தேன். அந்த நேரம் மீன்காரச் சீனன் சைக்கிளில் ஹாரனை அழுத்திக்கொண்டு வந்தான். பீபியின் புருஷன் அவனைக் கைதட்டிக் கூப்பிட்டார். அவன் ஒரு காலை ஊன்றி நின்று, "அப்பா?" என்றான்.

வேலியோரம் மீனா நின்றிருந்தது. வேண்டுமென்றே மெல்ல, "மீனா" என்றேன். "அப்பா?" என்றது. நான் ஏதாவது சொல்வேன் என்று முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன்.

புதன்கிழமை நானே பஸ் பிடித்து டவுனுக்குப் போனேன். என் சந்தேகம் தப்பாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் போனேன். ஜாலான் துக்காங் எமாஸில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, அதே தெருவில் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் அத்தர் விற்கும் கடையில் தமிழ்ப் பேச்சு கேட்டு நின்றேன். கடைக்காரர் நாகூர்ப் பக்கத்து மரைக்காயர்.

"பாய், மலாயில அப்பான்னா என்ன அர்த்தம்?"

"அதுவா? என்னன்னு அர்த்தம். யாராச்சும் கூப்பிட்டா நாம என்னாம்போம்ல, அது. அப்பா இல்ல, அபா. ஒத்தை எழுத்து, அழுத்தப்புடாது. ஏன் கேக்குறீய?"

"சும்மாத்தான்" என்றேன்.

ஓர் ஒற்றெழுத்து. தலையில் புள்ளி வைத்த ஒரே ஓர் எழுத்தை நான் கூடுதலாகக் கேட்டுவிட்டேன். அதைக் கொண்டு ஒரு தாயையும் குழந்தையையும் கப்பல் ஏற்றப் பார்த்தேன்.

திரும்பும்போது எந்த பஸ் என்று பார்க்கிற நிலையில் நான் இல்லை. ஏறின பஸ் வீடுகளையெல்லாம் விட்டுவிட்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே போய் குருபோங் என்ற இடத்தில் நின்றது. நடத்துனர் மலாய்க்காரர். என் சீட்டைப் பார்த்து, "ஐயா, நீங்கள் யானைக்குப் போக வேண்டியவர், இங்கே புலிதான் இருக்கிறது" என்றாராம். அருகில் இருந்த ஒரு தோட்டத்து ஆள் மொழிபெயர்த்துச் சொல்லிச் சிரித்தார். அதே பஸ்ஸில் உட்காரவைத்துத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். வழி தப்பிய எனக்கு இத்தனை பேர் உதவினார்கள். நான் வழி தப்பவைத்தவளிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று இப்போதும் யோசிக்கிறேன். சொன்னால் அவள் வரமாட்டாள். தனியாகப் போய் இறங்கினால் கையாலாகாதவன் என்று வீட்டில் சொல்வார்கள். எப்படியும் ஊருக்கு வருவது அவளுக்கு நல்லதுதானே, காரணம் எதுவானால் என்ன என்று எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டேன். வியாழக்கிழமை பெட்டியில் சாமான் அடுக்க உதவினேன். அன்று மத்தியானம், அந்தச் சத்தமில்லாத வீட்டில், என்னையும் அறியாமல் இரண்டு மணி நேரம் நன்றாகத் தூங்கினேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். விழித்தபோது நிழல் வேலியைத் தாண்டியிருந்தது. அஞ்சு மணிக்கு முதல் சைக்கிள் மணி, அஞ்சே காலுக்கு எங்கோ கடுகு தாளிக்கிற வாசனை, அஞ்சரைக்கு பஸ். கூட்ஸ் வண்டிகளைப் போலவே இந்த ஊருக்கும் ஓர் அட்டவணை இருந்தது எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. என் தங்கை அந்த அட்டவணையில் ஏறி உட்கார்ந்து பிழைத்துக்கொண்டவள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது இரண்டு சீனப் பெண்களோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே வந்தாள். வேலியருகே வந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாரதா ராஜினாமாக் கடிதத்தை நல்ல தாளில் எழுதி, இங்கிலீஷ் சரியா பாருங்கள் என்று என்னிடம் நீட்டினாள். அழகான எழுத்து. நான் அதை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தேன்.

"சாரதா, குழந்தை கூப்பிட்டது அப்பாவை இல்லை. அபான்னு மலாயில என்னன்னு கேட்டிருக்கு. நான்தான் தப்பாக் கேட்டுட்டேன்."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"பகல் முழுக்க அவ பீபி வீட்டுப் புள்ளைண்ணே. நான் பஸ்ஸை விட்டு இறங்கினதும் தமிழுக்கு மாறிடுவா. எனக்கே தோணியிருக்கணும்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு என்னிக்குத் தெரிஞ்சுது?" என்றாள்.

மரைக்காயர் சொன்ன பிறகுதான் உறுதியாயிற்று, புதன்கிழமை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை.

"செவ்வாய்க்கிழமை."

"இன்னிக்கு வெள்ளி."

"ஆமா."

"ஞாயித்துக்கிழமையிலேருந்து தினம் அவர் போட்டோவைக் காட்டி, நீ அப்பாவைக் கூப்பிடலாம்டி, அம்மா அழமாட்டேன், கூப்பிடுன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். அவ பேந்தப் பேந்த முழிச்சா. நேத்து ஒண்ணும் கேக்கலை. இன்னிக்குக் காலையில தலை வாரும்போது கேட்டா, அப்பா எப்ப வருவாருன்னு. நல்ல தமிழ்ல, அழுத்தமா கேட்டா."

செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தால் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வெளியே இறகுப்பந்து ஆடுகிற சத்தம் கேட்டது. மீனா வாசற்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சாரதா எழுந்து போய்ப் பெரிய பெட்டியின் மூடியைத் திறந்தாள். குழந்தையின் கவுன்களை எடுத்தாள், தன் சேலைகளை எடுத்தாள், புருஷன் வரைந்த, துணியில் சுற்றியிருந்த இரண்டு படங்களை எடுத்தாள். எடுத்ததையெல்லாம் அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்தாள். பெட்டிக்குள் என் வேட்டிகளும், அம்மாவுக்கென்று வாங்கின போர்வையும் மட்டும் ஒரு மூலையில் கிடந்தன. நான் அவற்றை என் தோல்பையிலேயே திணித்துக்கொள்கிறேன் என்றேன்.

"வேணாம், பெட்டிக்குத்தான் இடம் எழுதியாச்சே" என்றாள். பிறகு பழைய செய்தித்தாள்களைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகக் கசக்கி, காலியாக இருந்த இடத்தில் வைத்து அமுக்கினாள்.

"கப்பல் ஆடும்ணே. இடம் இருந்தா சாமான் உருளும்" என்று சொல்லி, மூடியை இறக்கிப் பூட்டினாள்.